இடம், வலம், கமிஷன்: ஒரே வினவலில்

ஒவ்வொரு உறுப்பினருக்கும் நேர் கீழே இடம், வலம் என இருவர் மட்டுமே சேரும் நெட்வொர்க் மார்க்கெட்டிங் பைனரி மரத்தில் கமிஷன் கணக்கிட பைத்தானில் லூப் எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். வேலையை டேட்டாபேஸிடமே விடுங்கள். அட்டவணைக்கு எண், மேலாள் எண், பக்கம், புள்ளி என நான்கு பத்திகள் போதும். மேலாள் எண்ணுக்கு இண்டெக்ஸ் கட்டாயம்.

தன் விடையைத் தானே எடுத்து மரத்தில் கீழிறங்கும் 'வித் ரெக்கர்சிவ்' வினவலின் முதல் பாதியில், யாருக்குக் கமிஷன் கணக்கிடுகிறோமோ அந்த உறுப்பினரின் நேரடிப் பிள்ளைகள் இருவரை எடுங்கள். அவர்களின் பக்கத்தை 'கால்' என்ற பெயரில் வையுங்கள். 'யூனியன் ஆல்' போட்டு, இரண்டாம் பாதியில் அவர்களுக்குக் கீழுள்ளவர்களை ஜாயின் செய்யுங்கள். சூட்சுமம் இங்கேதான்: கீழே இறங்கும்போது மேலிருந்து வந்த 'கால்' அப்படியே தொடர வேண்டும். பேரனின் சொந்தப் பக்கத்தை எடுத்தால் கணக்கு கந்தல்.

பிறகு கால்வாரியாகக் கூட்டுங்கள். இடம் 900, வலம் 600 என்றால் இருபுறமும் பொருந்துவது சிறிய தொகையான 600. 10 சதவீதத்தில் கமிஷன் 60. மீதி 300 இடப்பக்கத்தில் அடுத்த சுற்றுக்கு.

ஒரு கால் காலியாக இருந்தால்? அதன் கூட்டுத்தொகை 'நல்' (NULL), அதாவது மதிப்பே இல்லாத நிலை. சிறியதைத் தேர்ந்தெடுக்கும் 'லீஸ்ட்' போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'நல்'லைக் கண்டுகொள்ளாது. 900-ஐயே சிறியது என்று திருப்பித் தரும், சும்மா 90 போய்விடும். மைஎஸ்கியூஎல் 'நல்'லையே தரும். எதுவானாலும் இரண்டு கூட்டுத்தொகைக்கும் 'கோயலெஸ்' போட்டு, 'நல்' இருந்தால் அதைச் சுழியமாக்கிவிட்டே ஒப்பிடுங்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் 'ரெக்கர்சிவ்' என்ற சொல் கிடையாது, வெறும் 'வித்' தான். 100 நிலைக்கு மேல் போனால் பிழை காட்டும்; 'மேக்ஸ்ரிகர்ஷன்' வரம்பை உயர்த்திக்கொள்ளுங்கள்.