கேமரா எழுதுவதை உங்கள் கணினி படிக்குமா? வீடியோ கேமரா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ எடுக்கக் கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "4கே இருக்கா?" என்றுதான். "இருக்கு" என்று பதில் வரும். இன்று நடுத்தர விலைக் கைப்பேசியிலேயே 4கே இருப்பதால் அந்தப் பதிலில் விஷயம் ஒன்றுமில்லை. எப்படிப்பட்ட 4கே என்று கேட்க வேண்டும்.

2018இல் வந்த கேனன் எம்50 இதற்கு நல்ல உதாரணம். செகண்ட் ஹேண்டில் இன்றும் கைமாறுகிற கேமரா. பெட்டியின் மேல் 4கே என்று போட்டிருக்கும். ஆனால் 4கேவுக்கு மாற்றியதும் சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். அகலமாகத் தெரிந்த மணமேடை சட்டென்று நெருங்கி வந்துவிடும். அந்தக் கேமராவின் பெரிய பலமான, தானாக ஃபோகஸ் பிடிக்கும் டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ் 4கேவில் வேலை செய்யாது. நொடிக்கு 25 பிரேமைத் தாண்டவும் முடியாது. அதே கேமராவின் 1080 வீடியோவுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஆக, நீங்கள் எந்தத் தரத்தில் எடுக்கப் போகிறீர்களோ அந்தத் தரத்தில் கிராப் (படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுவது) உண்டா, ஃபோகஸ் நிற்கிறதா, எத்தனை பிரேம் கிடைக்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

மைக் சொருகும் துளையையும் பலர் பார்ப்பதில்லை. கேனன் 1500டி புகைப்படம் பழக நல்ல கேமரா. ஆனால் வெளி மைக் மாட்ட அதில் இடமே கிடையாது, உள்ளே இருக்கும் மைக்கும் மோனோதான். பேட்டி எடுக்கப் போகிறவர் அதை வாங்கினால் ஒலிக்குத் தனியாக ரெக்கார்டர் வாங்கி, எடிட்டிங்கில் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பொருத்த வேண்டியிருக்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். என்னைக் கேட்டால் 4கேவை விட மைக் துளை முக்கியம்.

தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடும் என்பது அடுத்தது. பழைய டிஎஸ்எல்ஆர்களிலும் பல மிரர்லெஸ்களிலும் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு நின்றுவிடும். 30 நிமிடமோ அதற்கு மேலோ ஓடினால் வீடியோ கேமரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் சுங்க வரி போட்டதால் வந்த கட்டுப்பாடு அது. வரி இல்லாத ஊரில் வாங்கினாலும் கேமரா அப்படியேதான் இருக்கும். புதிய கேமராக்களில் இந்த வரம்பு போனாலும் சூடு பிரச்சினையாக வந்து நிற்கிறது. 2020இல் வந்த கேனன் ஆர்5, 8கேவில் ஏறத்தாழ 20 நிமிடத்தில் சூடாகி நின்றது பெரிய விவாதமானது. ஏசி இல்லாத மண்டபத்தில், சித்திரை மாத முகூர்த்தத்தில் எடுக்கப் போகிறவர்கள் இதை அவசியம் விசாரிக்க வேண்டும்.

கேமரா கைக்கு வந்ததும் நடக்கிற தவறு, மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் மின்சார நாடுகளுக்கானது) என்று இருப்பதை அப்படியே விட்டுவிடுவது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் விலை குறைந்த பல எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. 30 பிரேமில், 1/60 ஷட்டரில் எடுத்தால் அந்த மின்னல் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான பால் (PAL) முறைக்கு மாற்றி, 25 அல்லது 50 பிரேமில், ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. சில சோனி கேமராக்கள் இதை மாற்றும்போது கார்டை மறுபடி ஃபார்மட் செய்யச் சொல்லும். அதனால் படப்பிடிப்புக்கு முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

இனி, பணம் அதிகம் வீணாகிற இடத்துக்கு வருவோம். ஃபைல் சின்னதாகத்தான் இருக்கிறது, எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் மட்டும் ஸ்டக் ஆகிறது என்பார்கள். உடனே ரேம் வாங்குவார்கள். பல நேரம் குற்றம் ரேமில் இல்லை. கேமராக்கள் வீடியோவைச் சுருக்கி எழுதும் முறைகளான எச்.264, எச்.265 கோடெக்குகள் பொதுவாக ஒவ்வொரு பிரேமையும் முழுப் படமாக எழுதுவதில்லை. ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் குறித்து வைக்கும். அதனால்தான் ஃபைல் சின்னதாகிறது. நீங்கள் டைம்லைனில் எங்கேயோ ஒரு பிரேமில் போய் நிற்கும்போது, கணினி பின்னால் போய் முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். இந்தக் கணக்கைப் போடத் தனி வன்பொருள் உண்டு. உங்கள் கேமரா எழுதும் கோடெக் வகையை அது அறிந்திருந்தால் சீராக ஓடும், இல்லாவிட்டால் முழுப் பாரமும் பிராசசர் தலையில் விழும்.

நிறத்தை அதிக நுணுக்கமாகப் பதியும் 10 பிட் 4:2:2 வகையில் எடுக்கும் கேமராக்களில்தான் இது வெடிக்கிறது. அந்த எச்.265 வகையை இன்டெலின் 11ஆம் தலைமுறை உள்கிராபிக்ஸும் ஆப்பிளின் எம்1 முதலான சிப்புகளும் படிக்கும். என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. மென்பொருளையும் பார்க்க வேண்டும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264ஐத் திறக்கவே திறக்காது.

அதற்காக 10 பிட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. 8 பிட் கேமராவில் எஸ்-லாக்3 (பின்னால் நிறம் திருத்துவதற்கென்றே வெளிறிய படமாகப் பதியும் சோனியின் லாக் முறை) போட்டு எடுத்துவிட்டு கலர் கரெக்‌ஷனில் இழுத்தால் வானமும் வெள்ளைச் சுவரும் படிப்படியாகப் பிளந்து தெரியும். 8 பிட்தான் இருக்கிறது என்றால் லாக் வேண்டாம், சாதாரண புரொஃபைலில் வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் சரியாக வைத்து எடுங்கள்.

ஆகவே வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மெமரி கார்டைக் கடைக்கு எடுத்துப் போய், நீங்கள் எடுக்கப் போகும் அதே அமைப்பில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, வீட்டுக் கணினியில், உங்கள் மென்பொருளில் போட்டு வெட்டிப் பாருங்கள். யூடியூபில் பார்க்கும் மாதிரி வீடியோ இதற்கு உதவாது. அது ஏற்கனவே சுருக்கப்பட்டது.

ஸ்டக் ஆகிறதென்றால் ஃபைலை மாற்றித்தான் ஆக வேண்டும். ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றி மறுபடி எம்பி4 ஆக்குவது மோசமான வழி. தரம் இரண்டாம் முறை அடிபடும், ஃபைலும் அதே சுருக்க வகையிலேயே இருக்கும். எடிட்டிங்குக்கென்றே உள்ளவை ஆப்பிளின் புரோரெஸும் ஆவிட்டின் டிஎன்எக்ஸ்எச்ஆரும். இவை ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக எழுதுவதால் கணினிக்குச் சுமை குறைவு. புரோரெஸுக்கு மாற்றினால் தரம் கூடும் என்பது மட்டும் தவறான நம்பிக்கை. கேமரா பதியாத நிறத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது. கூடுவது இடம்தான். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்த ஒரு மணி நேரம் 45 ஜிபி. அதையே 4கே, 25 பிரேம் புரோரெஸ் 422 ஆக்கினால் சுமார் 220 ஜிபி.

ஒரு கல்யாணத்தை முழுதாக இப்படி மாற்றினால் ஹார்ட் டிஸ்க் தாங்காது. வெட்டுவதற்கு மட்டும் பயன்படும் சிறிய நகலான பிராக்சி போதும். 1080 அளவில் புரோரெஸ் பிராக்சி ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபி அளவில் அடங்கும். அதில் வெட்டி முடித்து, கடைசி ரெண்டரை அசல் ஃபைலிலிருந்து எடுக்கலாம். பிராக்சியின் பெயரும் பிரேம் எண்ணிக்கையும் ஒலிச் சேனல் எண்ணிக்கையும் அசலோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணிக்கை மாறினால் இணைப்பு அறுந்துபோகும்.

கைப்பேசி வீடியோவுக்கு வேறு சிக்கல். வெளிச்சத்தைப் பொறுத்து அது பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதால், நீளமான பேச்சில் போகப் போக உதடும் குரலும் விலகும். ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் போன்ற ஃபைல் மாற்றும் மென்பொருளில் மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே டைம்லைனில் போடுங்கள். வெட்டிய பின் மாற்றினால் வெட்டுகள் எல்லாம் இடம் பெயரும்.

மென்பொருள் ஃபைலைத் திறக்கவில்லை என்பதற்காக எப்போதும் முழு மாற்றம் தேவையில்லை. எம்கேவி, எம்டிஎஸ் போன்ற ஃபைல் வகைகளில் உள்ளே இருப்பது வழக்கமான எச்.264ஆகவே இருக்கும், வெளி உறைதான் வேறு. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் உறையை மட்டும் மாற்றலாம். தரம் துளியும் குறையாது, சில நொடிகளில் முடியும். எம்டிஎஸ் தரும் ஹேண்டிகேம்களில் கார்டுக்குள் தேடி வீடியோ ஃபைல்களை மட்டும் உருவி எடுக்காதீர்கள். நீளமான பதிவு பல துண்டுகளாகக் கிடக்கும். எது எதோடு சேரும் என்ற குறிப்பு மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. உருவி எடுத்தால் துண்டு சேரும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுபடலாம். கார்டில் உள்ளதை மேல் ஃபோல்டரோடு அப்படியே இரண்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.