வாழைப்பழமும் சுண்ணாம்பும் சேர்த்து அவுரி நீலம் போடுவது

நான் முதன்முதலாகச் சாயம் போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் சித்தப்பா காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் உட்கார்ந்து எழுவதற்குள் வெள்ளைச் சட்டையின் காலரும் தோளும் நீலமாகிவிட்டன. திரும்பி வந்ததும், "ஏங்கண்ணு, இது துண்டா, மைப்புட்டியா?" என்றார். தப்பு என்மேல்தான். ஒரே முழுக்கில் கருநீலம் வந்துவிட வேண்டும் என்று சாயத் தாழியில் நீலத்தூளை அள்ளிக் கொட்டியிருந்தேன். நூலுக்குள் இறங்காத நீலம் துணியின் மேலேயே மாவு மாதிரி உட்கார்ந்துகொண்டது. அலசியதும் ஏனோதானோவென்றுதான். அடர்ந்த நீலம் வேண்டுமென்றால் கூட்ட வேண்டியது தூளை அல்ல, முக்கி எடுக்கும் தடவையை. இது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

நாங்கள் சென்னிமலைப் பக்கம். வீட்டில் பெட்ஷீட் தறி ஓடியது. சாயம் போட்ட நூல் வெளியிலிருந்து வரும், நாங்கள் நெய்வோம், அவ்வளவுதான். அதனால் சாய வேலை எனக்குப் பரம்பரைத் தொழில் இல்லை. வாசலில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

முதலில் அவுரியை வாங்குவதிலேயே ஏமாறுவீர்கள். நாட்டு மருந்துக் கடையில் தலைமுடிக்கென்று பச்சையாக ஒரு பொடி தருவார்கள். அது காய்ந்த இலையை அரைத்த பொடி. அதை வைத்து இந்தத் தாழி போட முடியாது. நமக்கு வேண்டியது நீலக்கட்டி. அவுரி இலையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, இலையை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் திரண்டு அடியில் தங்கும். அதை வடிகட்டிக் காயவைத்ததுதான் கட்டி. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் அவுரி பயிரிடுகிறார்கள். கட்டி கைக்கு வந்ததும் நகத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த இடம் செம்புப் பாத்திரம் மாதிரி மினுங்கினால் சரக்கு நல்லது. சாம்பல் நிறமாகவே இருந்தால் மண் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டி இலையிலிருந்து வந்ததா, செயற்கையா என்பது மட்டும் இந்த நகச் சோதனையில் தெரியாது. 1897இல் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியது. அதுவும் இதுவும் வேதியியலில் ஒரே பொருள், நிறமும் ஒன்றுதான். ஆகவே விளைவிப்பவரைத் தெரிந்து வாங்குவதுதான் வழி.

மேட்டாங்காட்டில் அவுரி முளைத்திருக்கிறது என்று யாராவது ஒரு கட்டுப் பறித்து வருவார்கள். பெரும்பாலும் அது கொழுஞ்சியாக இருக்கும். ஒரு சின்ன இலையை நுனியில் பிடித்து இழுத்துப் பாருங்கள். அம்பு முனை மாதிரி சாய்வாகக் கிழிந்தால் கொழுஞ்சி. அது வயலுக்கு உரமாகும், சாயத்துக்கு ஆகாது.

அடுத்தது துணி. பருத்தி மட்டும் எடுங்கள். பாலியஸ்டர் கலந்திருந்தால் பருத்தி இழைதான் நீலம் பிடிக்கும், மற்றது வெளுப்பாகவே நிற்கும். தறியிலிருந்து வந்த கோரா துணியில் கஞ்சி இருக்கும், பஞ்சின் எண்ணெய்ப் பசையும் இருக்கும். ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி பழுப்பாகும். வெள்ளைத் துணியில் இவ்வளவு அழுக்கா என்று இருக்கும். அலசிக் காயவைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்து மாதிரி நின்றால் மறுபடியும் கொதிக்க வைக்க வேண்டும். விழுந்தவுடன் உறிஞ்சினால் சரி. இந்த வேலையை அவசரமாக முடித்தவர்களுக்குத்தான் திட்டுத் திட்டாக வரும். அப்புறம் அவுரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனித் தாழி. நீலம் தண்ணீரில் கரையாது, எவ்வளவு கலக்கினாலும் தூள் தூளாகத்தான் நிற்கும். தாழியிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கினால்தான் அது மஞ்சள்பச்சையாகக் கரைந்து நூலுக்குள் போகும். வெளியே எடுத்தால் காற்றுப் பட்டு மறுபடியும் நீலமாகி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்தப் பிடுங்கும் வேலைக்குப் பழச்சர்க்கரை, அது நடப்பதற்குச் சுண்ணாம்பு. நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு, பழச்சர்க்கரை மூன்று என்பது பிரான்ஸ் நாட்டுச் சாயக்காரர் மிஷேல் கார்சியா பரப்பிய கணக்கு. நான் பழச்சர்க்கரைக்குப் பதில் வாழைப்பழம் போடுகிறேன். கோபி, சத்தி பக்கத்திலிருந்து வரும் பழத்தில் தோல் கறுத்து, தொட்டால் கழன்று விழுகிற நிலையில் உள்ளதைச் சந்தையில் சும்மா மாதிரி தள்ளிவிடுவார்கள். நமக்கு அதுதான் வேண்டும்.

ஒரு தடவை பழம் கிடைக்காமல் கடைச் சீனியை இரண்டு கிலோ கொட்டினேன். மூன்று நாள் ஆகியும் தாழி அசையவே இல்லை. சீனி அப்படியே இருந்தால் இந்த வேலைக்கு உதவாது, உடைந்த சர்க்கரைதான் வேண்டும். பழம் கனியக் கனிய அது தானாகவே உடைகிறது. நாட்டுச் சர்க்கரையிலும் அது கொஞ்சம் உண்டு. அதனால் தாழி சோர்ந்தால் கவுந்தப்பாடிச் சர்க்கரை ஒரு கைப்பிடி போடுவேன். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு, என் பக்கெட்டுக்கும் போகட்டும்.

20 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு என் அளவு: நீலத்தூள் 50 கிராம், சலித்த நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராம், கறுத்த வாழைப்பழம் 2 கிலோ. ஒரு கிலோ துணிக்கு நடுத்தர நீலம் வரும். அலுமினியப் போசி மட்டும் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

பழத்தைத் தோலோடு நறுக்கி, தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சக்கையைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் கூழ் இறங்கி அடியில் சேறாகும். நீலத்தூளை வெந்நீர் விட்டு அம்மியில் விழுதாக அரையுங்கள். அம்மி இல்லையென்றால் ஒரு பாட்டிலில் தூள், தண்ணீர், பத்துக் கூழாங்கல் போட்டுக் கால் மணி நேரம் குலுக்குங்கள். விரலில் நெருடக் கூடாது. அப்புறம் பக்கெட்டில் கை சுடுகிற அளவு, சுமார் 50 டிகிரி, வெந்நீர் எடுத்து, முதலில் விழுது, பிறகு பழத்தண்ணீர், கடைசியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். கையுறை கட்டாயம். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் விளையாட்டில்லை. காரத்தின் அளவைக் காட்டும் பி.எச். தாள் இருந்தால் 10க்கும் 11க்கும் நடுவில் காட்ட வேண்டும்.

மூடி வையுங்கள். மணிக்கொரு தடவை ஓரத்தோடு ஒரே திசையில் மெதுவாகச் சுற்றிக் கலக்கினால் போதும். தயிர் கடைகிற மாதிரி அடித்தால் காற்று உள்ளே போய், பட்ட பாடெல்லாம் வீணாகும். வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே தயாராகும். மார்கழியில் ஒரு ராத்திரி ஆகும், சாக்குப் போட்டு மூடுவேன்.

தயாராகிவிட்டதா என்பதைக் கடிகாரம் சொல்லாது, தாழிதான் சொல்லும். மேலே செம்பு நிறத்தில் ஆடை கட்டும். நடுவில் கருநீல நுரை பூப்போல ஒதுங்கும். அதை ஒதுக்கிவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். விளக்கெண்ணெய் மாதிரி தெளிந்த மஞ்சளாக இருந்து, மேல்விளிம்பில் மட்டும் நீலக்கோடு ஓடினால் துணியை இறக்கலாம். கலங்கிய நீலமாக இருந்தால் இன்னும் வேகவில்லை. இரண்டு டம்ளர் பழத்தண்ணீரைச் சூடாக ஊற்றிவிட்டு மறுநாள் பாருங்கள்.

பழம் இல்லாமல், சுண்ணாம்போடு தகரைச் செடியின் விதையை வேகவைத்த கொழகொழப்பை ஊற்றிப் புளிக்கவைத்துப் போடுவது தென்னாட்டின் பழைய முறை. அதில் வரும் நீலத்துக்குத் தனி அழகு உண்டு. ஆனால் நாள்கணக்கில் காத்திருந்து பேண வேண்டும், வாசனையும் அக்கம்பக்கத்தாரைச் சண்டைக்கு இழுக்கும். பழத்தாழியில் கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, சுருக்கமில்லாமல் பக்கத்தோரமாக மெதுவாக உள்ளே விடுங்கள். அடியிலுள்ள சேற்றில் படக் கூடாது. நான் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து உள்ளே வைத்திருக்கிறேன். தண்ணீருக்கு அடியிலேயே மடிப்புகளை விரித்துக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடம் போதும். எடுக்கும்போதும் தண்ணீருக்குள்ளேயே பிழிந்துவிட்டுத் தூக்குங்கள், மேலிருந்து சொட்டவிட்டால் நுரை எழும்பும்.

இப்போது துணியையே பாருங்கள். வெளியே வந்த நொடியில் எலுமிச்சைத் தோல் நிறம். விரித்துப் பிடிப்பதற்குள் வாழைக்குருத்துப் பச்சை. ஓரங்களில் மயில்கழுத்து ஏறும், அது நடுவுக்கு ஓடும். மடிப்பில் மறைந்த இடம் மட்டும் பச்சையாகவே நிற்கும். அங்கே விரலால் பிரித்துக் காற்றுக் காட்டினால் உங்கள் கண்முன்னே நீலமாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒட்டுக்காக நின்று பார்ப்பது இதைத்தான்.

கொடியில் கால் மணி நேரம் போட்டு, பச்சை முழுக்கப் போன பிறகுதான் அடுத்த முழுக்கு. இரண்டு முழுக்கில் வானநீலம், நாலில் சட்டைக்கான நீலம், எட்டில் கருநீலம் வரும். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தால் வெளுக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எட்டையும் முடிக்க நினைத்தால் தாழி களைத்துவிடும். மேலே நுரை குறைந்து, தண்ணீர் நீலப்பச்சையானால் நிறுத்திக்கொண்டு, பழத்தண்ணீரும் ஒரு ஸ்பூன் சுண்ணாம்பும் கொடுத்து மூடிவிடுங்கள்.

கடைசியாக அலசல். ஒரு நாள் நிழலில் காயட்டும். பிறகு வடிகட்டிய மெல்லிய புளித்தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் சுண்ணாம்பு விட்டு, விறைப்புப் போகும். அதற்குப் பிறகு சோப்புப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். நாலைந்து தண்ணீர் ஆகும். காய்ந்த துணியை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நான் இப்போது யாருக்கும் கொடுக்கிறேன்.

தீர்ந்துபோன தாழியைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. 1992இல் பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் திறந்த ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்குப் பக்கம்தான். அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவுத் தண்ணீர் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. என் ஒரு பக்கெட்டை அதோடு ஒப்பிடுவது அதிகம்தான், ஆனாலும் கை வருவதில்லை. இரண்டு நாள் திறந்து வைத்துக் கலக்கினால் மிச்ச நீலமெல்லாம் அடியில் தங்கிவிடும். மேல் தண்ணீரில் புளித்தண்ணீர் சேர்த்துக் காரத்தை அடக்கி, மண்தரையில் பரவலாக ஊற்றுகிறேன். சேற்றைக் காயவைத்து, அடுத்த தாழிக்குப் போடும்போது புதுத்தூளோடு சேர்த்து அரைக்கிறேன். போன வருடம் அதை மாட்டுச் சாளைச் சுவருக்குப் பூசிப் பார்த்தேன். காய்ந்ததும் நல்ல இளநீலம்தான். ஐப்பசியில் ஒரே மழை, பாதிச் சுவர் எருமையின் முதுகில் இருந்தது.