உள்ளீடற்ற மின்கிட்டாரைக் கிட்டிலிருந்து (உதிரிபாகத் தொகுப்பிலிருந்து) கட்டுவது

பசையை எடுப்பதற்கு முன் கழுத்தை உடலின் பள்ளத்தில் வெறுமனே பொருத்தி, இரு ஓரக் கம்பிகள் ஓடும் இடத்தில் நூல் பிடித்து, அது ஃபிரெட் பலகையின் (கழுத்தின் மேல் குறுக்குக் கட்டைகள் பதித்த பலகை) இரு விளிம்புகளிலிருந்தும் சம தூரத்தில் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். கோணம் பிசகி ஒட்டிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. சரியாக அமைந்தபின் மரப்பசை தடவி, கிளாம்பில் இறுக்கி ஒரு நாள் விட்டுவிடலாம்.

மேற்பலகை பெரும்பாலும் ஒட்டுப்பலகையே. அதன் மேலடுக்கு மிக மெல்லியது என்பதால் 220, அடுத்து 320 எண் உப்புத்தாளைக் கொண்டு, ரேகையின் போக்கிலேயே கையால் தேய்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் ஆடியில், பொள்ளாச்சிப் பக்கம் லேக்கர் (மரத்துக்கு மெருகூட்டும் பூச்சு) அடித்தால் வெண்மை படரக்கூடும். மாசி வரை பொறுப்பது நல்லது.

வயரிங்தான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பின்மூடி இல்லாத உடல் என்பதால், துளைகளின் இடத்தை அட்டையில் பிரதியெடுத்து, மின்பாகங்களை அதில் நிறுத்தி வெளியிலேயே சால்டர் செய்து, ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) இணைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். பின்பு ஒவ்வொரு பொட்டென்ஷியோமீட்டரின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின்) தண்டிலும் நூல் கட்டி, மறுமுனையை அதனதன் துளை வழியே வெளியே எடுத்து, பாகங்களை எஃப் வடிவத் துளைக்குள் நுழைத்து மெல்ல இழுக்க வேண்டும். திருப்பூரில் பருத்தி நூலுக்குப் பஞ்சமில்லை என்றாலும், இதற்கு நைலானே உகந்தது. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் வால்பகுதிக்கு எர்த் வயர் கொடுக்காவிட்டால் இரைச்சல் கேட்கும்.

பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) ஒட்டப்படாத வகையானால், நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் சிறு கட்டை) 12ஆம் ஃபிரெட் வரையுள்ள தூரத்தை அங்கிருந்து மீண்டும் அளந்து அதை நிறுத்தலாம். 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) உயர்ந்து ஒலித்தால், பிரிட்ஜைச் சற்றுப் பின்னே நகர்த்த வேண்டும்.