டின் பானத்துக்கு விருந்துக் கோலம்: விளிம்பு, இலை, மணம்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பலகாரத் தட்டுக்குக் குறையிருக்காது. குடிக்க மட்டும் ஐஸ் பெட்டியில் மிதக்கும் டின்களை நீட்டிவிடுவோம். அதே சர்சி, ஐஸ்கிரீம் சோடா, செவன் அப், 100 பிளஸ் டின்களைக் கொஞ்சம் மெனக்கெட்டால் விருந்துப் பானமாக்கலாம். தேவையானவை பெரும்பாலும் பக்கத்துப் பசாரிலேயே கிடைக்கும்.

கடைப் பானத்தில் இனிப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. இல்லாதவை பச்சை இலையின் மணம், உப்பு, பிழிந்த பழத்தின் புளிப்பு. அவற்றைச் சேர்ப்பதுதான் வேலை. மேலும் இனிப்பைக் கொட்டினால் இரண்டு மிடறோடு கிளாஸ் மேசையில் நின்றுவிடும். மலேசியாவில் 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள இத்தகைய குளிர்பானங்களுக்குக் கலால் வரி உண்டு. அந்த 5 கிராம் கணக்கில் பார்த்தாலே 320 மில்லி டின்னில் 16 கிராம் சீனி இருக்கும். சீனியும் தண்ணீரும் சம எடையில் காய்ச்சிய பாகு 20 மில்லி ஊற்றினால் இன்னும் 12 கிராம் ஏறும். ஆகவே பாகை மணத்துக்கு மட்டும், ஒரு கிளாஸுக்கு 10 மில்லியோடு நிறுத்துங்கள். இது இரண்டு தேக்கரண்டி.

விளிம்பு

கிளாஸின் விளிம்பில் உப்பையோ சீனியையோ ஒட்டுவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். காரணம் நம் ஊர்க் காற்று. பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும் உப்பும் சீனியும் திறந்து வைத்த சிறிது நேரத்திலேயே ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுக் கிளாஸைப் பிரீசரில் வைக்கிறார்கள். இங்கே அதை வெளியே எடுத்ததும் முழுக்க வியர்த்து, விளிம்பில் ஒட்டியதெல்லாம் ஒழுகிவிடும். கிளாஸ் அறைச் சூட்டில், துடைத்துக் காய்ந்து இருக்கட்டும். குளிர வேண்டியது பானம்தான்.

நம் நாக்குக்கு ஏற்ற விளிம்பு அசாம்போய்த் தூள், அதாவது உப்பிட்டு உலர்த்திய பிளம் பழத்தின் தூள். கொய்யாவுக்குத் தூவும் அதே பொட்டலத் தூள்தான். அதில் 2 மேசைக்கரண்டி, பருமனான சீனி 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் கால் தேக்கரண்டி போதும். தூளிலேயே உப்பு இருப்பதால் தனியாகச் சேர்க்க வேண்டாம். வெறும் உப்பு விளிம்பு வேண்டுமென்றால், கல் உப்பை ஒன்றிரண்டாகப் பொடித்து வெறும் சட்டியில் சிறுதீயில் இரண்டு நிமிடம் புரட்டி, நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். சீனி கலக்குவதானால் ஆறிய பிறகே கலக்க வேண்டும். சூட்டில் போட்டால் உருகி ஒட்டும். மேசை உப்பு எனும் மாவுப் பதமான உப்பு இதற்கு ஆகாது. ஒரு மிடறுக்கு வரும் உப்பு அதிகமாகி வாய் கசக்கும்.

ஒட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. உடனே பரிமாறுவதானால் லிமாவ் கஸ்தூரி எனும் சிறு எலுமிச்சையை அரிந்து விளிம்பில் தேய்த்தால் போதும். இது பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும். முன்கூட்டியே அடுக்கி வைப்பதானால் குலா மெலாக்கா எனும் தென்னை வெல்லத்தின் பாகுதான் சரி. 100 கிராம் குலா மெலாக்காவை 50 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி (அடியில் தூசி, நார் இருக்கும்), தேன் பதத்துக்கு வற்றவிடுங்கள். ஆறியபின் விரலால் தொட்டு விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும் அரை சென்டிமீட்டர் அகலத்துக்குத் தடவுங்கள். உள்பக்கம் பட்டால் தூள் பானத்துக்குள் விழும், காஸ் பொங்கும். கிளாஸைக் கவிழ்த்துத் தூளில் அமுக்கக் கூடாது. பக்கவாட்டில் சாய்த்து, தட்டிலுள்ள தூளில் மெதுவாக உருட்ட வேண்டும். பிறகு கிளாஸைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால் உதிரி விழுந்துவிடும். மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் விட்டால் இறுகிவிடும். தேநீர் கொதிக்கும் அடுப்புப் பக்கம் வைத்தால் நீராவியில் அத்தனை உழைப்பும் வீண்.

விளிம்பு முழுவதும் சுற்றாதீர்கள். பாதி வட்டம் போதும். உப்பு பிடிக்காதவர் மறுபக்கத்தில் குடித்துக்கொள்வார், பாட்டிமார் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வீட்டில் ஐம்பது பேர் வந்தால் கண்ணாடிக் கிளாஸுக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் கிளாஸில் விளிம்பு சுருண்டிருப்பதால் தூள் சரியாக ஒட்டாது. அதற்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டு, பாகைத் தூரிகையால் பட்டையாக ஒரு கோடு இழுத்து, அதன் மேல் தூளைத் தூவுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும். காகிதக் கிளாஸில் முயலவே வேண்டாம், ஊறிவிடும்.

காஸை இழக்காமல் கலப்பது

பானம் நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் காஸ் அதற்குள் தங்கும். வெயிலில் கிடந்த டின்னை ஐஸின் மேல் ஊற்றினால் நுரையாகப் பொங்கி, மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர். முந்தின இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் பாகும் பழச்சாறும் கிளாஸின் அடியில், ஒன்றாகக் கலக்கப்பட்டு. அடுத்து ஐஸ், முக்கால் கிளாஸ். பிறகு கிளாஸைச் சாய்த்து, உள்சுவரோடு பானத்தை மெல்ல ஊற்ற வேண்டும். விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பது பெரும்பாலும் பானம் நிற்கும் மட்டம் வரைதான், மேலே உள்ள விளிம்பு காய்ந்தபடி இருக்கும். நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள். அடியில் கனத்துக் கிடக்கும் பாகு எழும்பிக் கலக்கும். சுழற்றிச் சுழற்றிக் கலக்கினால் காஸ் போய்விடும்.

சர்சியில் உப்புப் போட்டுக் குடிப்பது பலருக்கும் பழக்கம். போட்ட மாத்திரத்தில் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு உப்புத் துகளும் காஸ் குமிழாகத் திரள ஓர் இடம் கொடுக்கிறது. அந்த உப்பை விளிம்புக்கு மாற்றினால் சுவையும் கிடைக்கும், காஸும் தங்கும்.

இலையும் தண்டும்

புதினாவை உரலில் நசுக்குகிறவர்கள் உண்டு. நசுங்கிய இலை கசப்பையும் பச்சை வாடையையும் விடும், துண்டுகள் ஸ்ட்ரோவில் அடைக்கும். ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்து மறுகையால் ஒரு தட்டு. மணம் எழும்பும், இலை முழுசாக இருக்கும். அதை ஸ்ட்ரோவின் பக்கத்தில், மூக்கு படும் இடத்தில் செருகுங்கள். குடிக்கும்போது நாக்கைவிட மூக்குதான் அதிகம் வேலை செய்கிறது. துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் இதே முறைதான். செவன் அப்பில் லிமாவ் கஸ்தூரி இரண்டு பிழிந்து, தட்டிய கறிவேப்பிலை ஒரு கொத்து செருகிப் பாருங்கள். மோர் குடித்து வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிக்கும்.

செராய் எனும் எலுமிச்சைப்புல்லின் தண்டே கலக்கும் குச்சியாகும். வெளித் தோல் இரண்டை உரித்து, அடிப்பகுதியைக் கத்தியின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் எண்ணெய் கசியும். பாகாக வேண்டுமென்றால் சீனி 250 கிராம், தண்ணீர் 250 மில்லி, நசுக்கிய செராய் 3 தண்டு: கரைந்ததும் ஐந்து நிமிடம் சிறுதீ, அடுப்பை அணைத்து அரை மணி நேரம் மூடி வைத்து வடிகட்டுங்கள். செராய்க்குப் பதில் ஆறு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டும் செய்யலாம். சுத்தமான போத்தலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் வரும்.

லிமாவ் கஸ்தூரியை வடிகட்டியின் மேல் பிழியுங்கள். விதை நசுங்கினால் கசக்கும். பிழிந்த தோலைப் பானத்துக்குள்ளேயே ஊறவிட்டாலும் அரை மணியில் கசப்பு ஏறும்.

சங்குப்பூ பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த பூ பதினைந்தை 100 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்த நீலத் தண்ணீரை ஐஸ் கட்டியாக்கி செவன் அப்பில் போட்டால், உருக உருக ஊதா நிறமாகும். பூவின் நிறமி புளிப்பு பட்டால் நிறம் மாறும் தன்மையுள்ளது. பிள்ளைகள் கூடி நின்று பார்ப்பார்கள். ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை, அதற்காக அதிகம் செலவழிக்க வேண்டாம்.

மாலைக்கடைப் பூக்களைக் கிளாஸில் போடாதீர்கள். அவை சாமிக்கும் கூந்தலுக்கும், உண்பதற்காக வளர்த்தவை அல்ல, மருந்து தெளித்திருக்கலாம். அரளி விஷம், அதன் பக்கமே போக வேண்டாம்.

சேரும் சில சேர்க்கைகள்

சர்சி: அசாம்போய் விளிம்பு, லிமாவ் கஸ்தூரி ஒன்று, செராய்க் குச்சி. புதினா வேண்டாம். சர்சியின் மணத்தோடு அது சேர்ந்தால் தைல வாடைதான் மிஞ்சும்.

100 பிளஸ்: புங்கா கந்தான் (இஞ்சி இனத்துப் பூ) மொட்டைக் காகிதம்போல் மெல்லியதாகச் சீவி ஒரு சிட்டிகை, நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்ட சில்லி பாடி ஒன்று, வறுத்த உப்பு விளிம்பு. பினாங்கு அசாம் லக்சாவின் மேலே கிடக்கும் அதே பூதான். மிளகாயை இரண்டாக வெட்டினால் காரம் கட்டுக்கு அடங்காது.

ஜாதிக்காய்: பினாங்குக்காரர்களுக்கு இது சொந்தச் சரக்கு. பாலிக் புலாவில் விளைவது. சௌராஸ்தா சந்தைப் பக்கம் ஊறுகாய்க் கடைகளில் ஜாதிக்காய்ப் பொருள்கள் கிடைக்கும். பழச் சதையில் செய்த சிராப் 40 மில்லி, வெறும் சோடா 200 மில்லி, ஒரு முழு அசாம்போய். சிராப்பே இனிப்பு என்பதால் இனிப்புச் சோடா கூடாது, தனிப் பாகும் வேண்டாம். மேலே ஜாதிக்கொட்டையைத் துருவுவதானால் இரண்டு உரசல் மட்டும். அதிகமானால் உடம்புக்குக் கேடு.

பாண்டோங் சோடா: ரோஸ் சிராப் 20 மில்லி, ஐஸ்கிரீம் சோடா 150 மில்லி, கடைசியாக ஆவியாக்கிய பால் 40 மில்லி. இதற்கு மட்டும் எலுமிச்சை, அசாம்போய் எதுவும் ஆகாது, பால் திரிந்துவிடும். விளிம்புக்குக் குலா மெலாக்காப் பாகும் வறுத்த தேங்காய்த் துருவலும். தேங்காயைப் பொன்னிறமாக, கையில் எடுத்தால் சலசலக்கும்வரை வறுக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் சிக்கு வாடை வரும்.

இலைகளைக் காலையிலேயே கழுவி, உதறி, ஈரமான சமையலறைக் காகிதத்தில் சுருட்டி டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். துளசியை மட்டும் வெளியே தண்ணீர்க் கிளாஸில் நிறுத்துங்கள், குளிரில் கறுத்துப்போகும். விளிம்புத் தூளைச் சிறு தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுங்கள். கிளாஸ் உருட்டிய தட்டில் மீந்ததைத் திரும்ப டப்பாவில் கொட்டினால் அந்த ஈரத்தில் மொத்தமும் கட்டியாகிவிடும்.