சிட்னி வெப்பின் குறைந்தபட்சக் கூலி வாதத்தைப் படிக்கும் முறை

பிரிட்டிஷ் சோஷலிச அறிஞர் சிட்னி வெப், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஆதரித்து 1912-ல் சிகாகோவின் பொருளாதார ஆய்விதழில் எழுதிய கட்டுரையை எம்.ஏ. வகுப்பில் வருடாவருடம் எடுக்கிறேன். கையில் பென்சில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. இங்கிலாந்தில் கிராட்லி ஹீத் என்ற ஊர். வீட்டுக் கொல்லையிலேயே உலை இருக்கும். பெண்கள் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வளைத்து, அடித்துச் சங்கிலி கோப்பார்கள். வாரம் 50 மணி நேரம் அடித்தாலும் 5, 6 ஷில்லிங்தான் கிடைக்கும். கூலியை நிர்ணயிக்க வாரியங்கள் அமைத்த 1909-ம் ஆண்டுத் தொழில் வாரியச் சட்டத்தின்படி அவர்களுக்கு மணிக்கு இரண்டரை பென்னி என்று நிர்ணயமானது. 54 மணி நேரத்துக்கு 135 பென்னி. ஷில்லிங்குக்கு 12 பென்னி என்றால் 11 ஷில்லிங் 3 பென்னி வருகிறது. கிட்டத்தட்ட இரட்டிப்பு! அதையும் முதலாளிகள் இழுத்தடித்தார்கள். 1910-ல் தொழிற்சங்கத் தலைவி மேரி மக்ஆர்தர் முன்நிற்க, பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்துதான் வாங்கினார்கள்.

இனி கட்டுரையைத் திறந்து, 'ஒட்டுண்ணி' என்ற சொல்லைத் தேடிக் கோடு போடுங்கள். வயிற்றுக்குப் போதாத கூலி கொடுக்கும் தொழில், மீதியைச் சமூகத்தின் மற்றவர்களிடமிருந்து உறிஞ்சுகிறது என்பது வெப்பின் வாதம். சங்கிலிக் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் சட்டென்று பிடிபடும்.

அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். முழுக்கூலிக்குத் திறமையான ஆண்களை வைக்காமல் முதலாளிகள் யார் யாரை வைக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார்: சிறுவர், சிறுமியர், மணமான பெண்கள், கிழவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், நோயாளிகள். ஒட்டுண்ணி உழைப்பு என்று இவர்கள் உழைப்பையே சொல்கிறார். போன வருடம் ஒரு மாணவி அந்த வரியில் விரலை வைத்து, "சார், கொல்லையில சங்கிலி அடிச்ச அம்மாவும் இதுல வர்றாங்களே?" என்றாள். வருகிறார். அந்த இடத்தில் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஓரத்தில் எழுதுங்கள்: 'சட்டம் வந்தால் வேலையைவிட்டு வெளியே போவது யார்?'

அதே கேள்வியோடு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1946-ல் எழுதியதைப் படியுங்கள். குறைந்தபட்சக் கூலி அளவுக்கு உற்பத்தி தராதவர் வேலை இழப்பார் என்பது அவர் ஆட்சேபம். வெப்புக்கும் அது தெரியும். ஆனால் அதை அவர் சட்டத்தின் நன்மையாக எண்ணினார். இருவரும் பிரிவது இந்தப் புள்ளியில்தான்.

ஸ்டிக்லரிடம் பலர் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. கூலியைத் தன் கைக்குள் வைத்திருக்கும் முதலாளியிடம், சரியாக நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி வேலையையும் கூட்டலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கிராட்லி ஹீத்தில் கம்பி கொடுத்துச் சங்கிலி வாங்கிப்போன இடைத்தரகர்களுக்கு இது பொருந்துமா? ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.