கடையில் டிடி-214ஐ நீட்டாதீர்கள்

அமெரிக்க ராணுவத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், முன்னாள் படைவீரர்களுக்குக் கடைகள் தரும் பத்து சதவீதத் தள்ளுபடிக்காக, படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றான தன் டிடி-214ஐ நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். கவுண்டரில் இருந்த பையன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேனேஜரிடம் காட்டி ஒரு நகல் எடுத்துவிட்டு வருகிறேன்" என்று உள்ளே போய்விட்டான். அந்தத் தாளில் பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் இருக்கிறது. பதினோரு டாலர் மிச்சம் பிடிக்கப் போய், யாராவது தன் பெயரில் கடன் வாங்குகிறார்களா என்று மனிதர் ஒரு மாதம் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. 2009இல் தொடங்கிய 'மாவ்னி' திட்டத்தில், கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருந்தவர்களும் மொழித் திறமையை வைத்துப் படையில் சேர முடிந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் ஆள் எடுப்பது நின்றுபோனது. அப்படிப் போன நம்மவர்கள் பலர் இப்போது சீருடையைக் கழற்றிவிட்டு ஐடியிலோ வேறெங்கோ இருக்கிறார்கள், தள்ளுபடி கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அல்லது எந்த அட்டையைக் காட்டுவது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பொதுவாக, இருபது வருடம் முடித்து ஓய்வு பெற்றவருக்குத்தான் ராணுவமே அடையாள அட்டை தரும். நாலைந்து வருடத்தில் வெளியே வந்தவர் கையில் இருப்பது பெரும்பாலும் டிடி-214 மட்டுமே.

அதை வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு வேலைக்காக எடுத்துப்போங்கள், ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகத்துக்குப் போவதற்கு. உரிமத்தில் 'வெட்டரன்' (முன்னாள் படைவீரர்) என்று அச்சிட்டுத் தருவார்கள், எல்லா மாநிலத்திலும் இந்த வசதி இருக்கிறது. கலிபோர்னியாவில் கொஞ்சம் அலைச்சல்: முதலில் கவுண்டியின் வெட்டரன் சேவை அலுவலகத்தில் ஒரு படிவத்தில் சான்று வாங்க வேண்டும், அப்புறம் டிஎம்வியில் ஐந்து டாலர் கட்ட வேண்டும். அலைந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு சொல் இருந்தால் பல கடைகளில் வேறு எதுவும் கேட்கமாட்டார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க நாளாகும் என்றால் முன்னாள் படைவீரர் நலத்துறையான விஏ-வின் வெட்டரன் அடையாள அட்டை இருக்கிறது, இலவசம், 2022 முதல் டிஜிட்டலாகவே தருகிறார்கள், ஃபோனில் வைத்துக்கொள்ளலாம். விஏ-வில் மருத்துவத்துக்குப் பதிவு செய்தவர்களுக்குப் படத்தோடு தனி அட்டை வரும், அதுவும் செல்லும்.

பல பெரிய கடைகள் இப்போது அட்டையையே பார்ப்பதில்லை, இணையத்தில் சரிபார்த்துக்கொள்கின்றன. வீட்டுச் சாமான் கடையான ஹோம் டிப்போ, ஷீர்ஐடி என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் பார்க்கிறது, ஆப்பிள் ஐடி.மீ என்ற இன்னொன்றின் மூலம். ஒருமுறை பதிந்துவிட்டால் அந்தந்தக் கணக்கிலேயே தள்ளுபடி நிற்கும். ஹோம் டிப்போவில் பத்து சதவீதம், ஆனால் வருடத்துக்கு 400 டாலர்தான் உச்சவரம்பு, எல்லாப் பொருளுக்கும் கிடையாது. ஆக, சமையலறையைப் புதுப்பிப்பதாக இருந்தால் 4,000 டாலர் வாங்கியதுமே அந்த வருடக் கணக்கு முடிந்துவிடும், மிச்சத்தை ஜனவரிக்குத் தள்ளிப்போட முடியுமா என்று யோசியுங்கள்.

பதியும்போது நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். எந்தப் படை (தரைப்படை, கடற்படை போல), பெயர், பிறந்த தேதி, வெளியே வந்த தேதி என்று கேட்பார்கள், அதை ஆவணங்களோடு ஒப்பிடுவது கணினி. அதற்கு இனிஷியல் புரியாது. படையில் சேரும்போது பாஸ்போர்ட்டில் இருந்தபடி அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போயிருக்கும், குடியுரிமை வாங்கும்போது நீளம் தாங்காமல் பாதியை வெட்டியிருப்பீர்கள், லைசென்ஸில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். டிடி-214இன் முதல் கட்டத்தில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே முதலில் போட்டுப் பாருங்கள். தேதிக்கு 12-பி கட்டம்.

அதற்கும் ஒத்துவராவிட்டால் ஆவணத்தைப் பதிவேற்றச் சொல்லும். அப்போது பெயர், எந்தப் படை, தேதி, எந்த முறையில் விடுவிக்கப்பட்டீர்கள் என்பது தவிர எல்லாவற்றையும் கறுப்படித்துவிடுங்கள், சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கட்டாயம். பெயர் மாறியிருந்தால் குடியுரிமைச் சான்றிதழோ கோர்ட் உத்தரவோ கூடவே தேவைப்படலாம். டிடி-214இலேயே பிழை என்றால் டிடி-149 படிவத்தில் திருத்தம் கேட்க வேண்டும், திருத்தம் டிடி-215 என்ற தனித்தாளாக வரும். தள்ளுபடிக்காக இல்லாவிட்டாலும் செய்துவிடுங்கள், நாளைக்குப் படைவீரர்களுக்கான வீட்டுக்கடனுக்கும் இதே தாள்தான். மாநிலங்களின் துணைப்படையான நேஷனல் கார்டில் இருந்தவர்களுக்கு என்ஜிபி-22 என்ற படிவம் உண்டு, அதையும் தேடி எடுத்து வையுங்கள்.

தாளே தொலைந்துவிட்டதா? செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகத் தரும், ராணுவத்தின் மில்கனெக்ட் இணையதளத்திலும் கேட்கலாம். பணம் கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள், அவர்களும் அங்கேதான் போய்க் கேட்கிறார்கள். உங்கள் அமெரிக்க மாமனார் கொரியப் போர்க்காலத்து ஆள் என்றால் மட்டும் பொறுமை வேண்டும். 1973 ஜூலையில் அந்தக் காப்பகத்தில் நடந்த தீவிபத்தில், 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின. இருக்கும் மற்ற பதிவுகளை வைத்து ஒரு சான்றிதழ் தருவார்கள், அது டிடி-214க்குச் சமம்.

முன்னாள் படைவீரர் தினமான நவம்பர் 11 அன்று உணவகங்களில் இவ்வளவு கெடுபிடி கிடையாது. ஆப்பிள்பீஸ் போன்ற இடங்களில் சீருடையில் எடுத்த ஃபோட்டோ காட்டினாலே சாப்பாடு போட்டிருக்கிறார்கள், முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜனின் உறுப்பினர் அட்டையும் செல்லும். கடையோ உணவகமோ, பில் போடுவதற்கு முன்பே "மிலிட்டரி டிஸ்கவுண்ட் இருக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். பில் போட்டபின் கேட்டால் பின்னால் நிற்கும் வரிசை முழுக்க உங்களை முறைக்கும். அன்றைக்குப் பரிமாறுபவருக்கு டிப்ஸ், தள்ளுபடி இல்லாத முழு விலைக்குக் கணக்குப் போட்டு வையுங்கள்.