சுகாதாரக் கல்வியாளர் ஆக: எதைப் படிப்பது, எங்கே பழகுவது, எந்த வேலைக்குப் போவது

பிளஸ் டூ முடித்த கையோடு ‘ஹெல்த் எஜுகேஷன்’ என்ற பெயரில் ஒரு பி.எஸ்சி. தேடினால் தமிழ்நாட்டுக் கல்லூரிப் பட்டியல்களில் அநேகமாகக் கிடைக்காது. வேறொரு பட்டம் முடித்துவிட்டு அதன் மேல் கற்கும் தொழிலாகவே இது இந்தியாவில் வளர்ந்திருக்கிறது. அதனால் முதல் பட்டத்தை எதில் எடுக்கிறோம் என்பதுதான் பின்னால் எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பலர் சறுக்குவதும் அங்கேதான்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் வேலையைப் பாருங்கள். அதற்குக் கேட்கும் பட்டங்கள் உளவியல், சமூகப்பணி, சமூகவியல், மானுடவியல், மனித வளர்ச்சி, செவிலியம் போன்றவை. பி.காம். முடித்தவருக்கு எத்தனை ஆர்வம் இருந்தாலும் விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே நின்றுவிடும். நீரிழிவுக் கல்வியாளராக மருத்துவமனையில் சேர விரும்பினால் ஊட்டச்சத்தியல் அல்லது செவிலியம் கைகொடுக்கும். அரசு சுகாதார ஆய்வாளர் பணி தனிப் பாதை: பிளஸ் டூவில் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும், அதன்மேல் இரண்டு ஆண்டு சுகாதார ஆய்வாளர் பயிற்சி. பத்தாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாகப் படித்துத் தேறியிருக்கவும் வேண்டும். எனவே பதினோராம் வகுப்பில் உயிரியலை விடுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். புதுமையான பெயர் கொண்ட பட்டங்கள் விளம்பரத்தில் அழகாக இருக்கும். அறிவிக்கையில் கேட்ட பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை கொண்டுவரச் சொல்வார்கள். அந்த அரசாணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: வாரத்துக்கு எத்தனை நாள் களப்பணி, அதை யார் மேற்பார்வை செய்கிறார்? சமூகப்பணித் துறைகள் பலவற்றில் வாரம் இரண்டு நாள் களத்துக்கு அனுப்புகிறார்கள். மூன்று ஆண்டில் ஒரு முகாமுக்கு மட்டும் பேருந்து ஏற்றும் கல்லூரியில் இந்தத் தொழிலைக் கற்க முடியாது.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறோம்? தகவல் சொல்வதுதான் சுகாதாரக் கல்வி என்று நினைத்து வருபவர்கள் முதல் மாதமே திகைத்துப்போகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்வோம். கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் தொடங்கி 180 நாள், தினம் ஒன்று. ஒவ்வொன்றிலும் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இலவசம்தான், கையில் கொடுக்கிறார்கள்தான். ஆனாலும் பல வீடுகளில் அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. ‘ரத்தசோகை ஆபத்து’ என்று இன்னொரு முறை பேசுவதால் அந்த அட்டை பிரிந்துவிடாது.

முதலில் பத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். பிரிசீட் (PRECEDE) என்ற திட்டமிடல் மாதிரியாகப் பாடத்தில் வருவது இங்கே உயிர் பெறும். அது காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறது. மனத்தில் இருப்பவை: மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம், குழந்தை கறுத்துப் பிறக்கும் என்ற நம்பிக்கை, குமட்டல். கைக்கு எட்டுவதைச் சார்ந்தவை: மாத்திரை தீர்ந்துபோவது, இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்தே விழுங்கச் சொல்லிவிடுவது. சுற்றியிருப்பவர்கள்: ‘நாங்கல்லாம் மாத்திர தின்னா புள்ள பெத்தோம்?’ என்று கேட்கும் மாமியார், மறுமுறை வரும்போது விசாரிக்காத செவிலியர். பத்து வீட்டில் ஏழு வீட்டில் குமட்டல்தான் காரணம் என்றால் பதில் எளிது: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி டீ வேண்டாம், கால்சியத்தை வேறு வேளைக்கு மாற்றலாம், மலம் கறுப்பது கேடல்ல என்று முன்கூட்டியே சொல்லலாம். மாமியார்தான் காரணம் என்றால் மருமகளிடம் பேசிப் பயனில்லை. பேச வேண்டியது மாமியாரிடம்.

அடுத்து நோக்கத்தை எழுதுங்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுதினால் நல்ல ஆசிரியர் அடித்துவிடுவார். அதை அளக்க முடியாது. ‘ஆறு வார முடிவில், இந்தத் துணை சுகாதார நிலையத்தில் பதிவான 20 கர்ப்பிணிகளில் 15 பேராவது, கடந்த ஏழு நாளில் ஆறு மாத்திரையாவது விழுங்கியிருக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். ஆரம்பத்தில் எத்தனை பேர் அப்படி இருந்தார்கள் என்று எண்ணாமல் வேலையைத் தொடங்காதீர்கள். மாணவர் ஆய்வறிக்கைகளில் அடிக்கடி காணும் குறை இதுதான்: கடைசிக் கணக்கு இருக்கும், முதல் கணக்கு இருக்காது.

சொன்னது புரிந்ததா என்று பார்க்க ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்கவே கூடாது. எல்லோரும் தலையாட்டுவார்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சொல்லிக்கொடுத்தால் பொட்டலத்தைத் தாயின் கையில் கொடுத்துக் கரைக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். உப்பு மிகுந்து குழந்தைக்கே கேடாகும். 200 மில்லி பொட்டலமும் கடையில் கிடைப்பதால் குழப்பம் கூடுகிறது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும், வயிற்றுப்போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் துத்தநாக மாத்திரை 14 நாள் தர வேண்டும் என்பதும் அவர் வாயால் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் குறை நம் விளக்கத்தில்தான்.

சுவரொட்டியும் அப்படித்தான். அச்சுக்குப் போகுமுன் அந்த ஊர்க்காரர் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் காட்டி, ‘இதுல என்ன தெரியுது?’ என்று மட்டும் கேளுங்கள். முழங்கை நீளத்துக்கு வரைந்த கொசுவைப் பார்த்து ‘எங்க ஊர்ல இவ்வளவு பெரிய கொசு கெடையாது’ என்று மக்கள் நிம்மதியாகப் போன கதையை வகுப்பறைகளில் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பத்தில் மூவர் தவறாகப் படித்தால் படத்தை மாற்றுங்கள், விளக்க வாசகத்தைக் கூட்டாதீர்கள்.

களத்துக்குப் போக மாவட்ட சுகாதார அலுவலரின் அனுமதிக் கடிதம் தேவை. பல வாரம் ஆகலாம். பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் தாய்மார்களை ஒரே இடத்தில் சந்திக்கலாம், ஆனால் கிராம சுகாதார செவிலியருக்கு அன்று மூச்சுவிட நேரம் இருக்காது. அவரிடம் பேச வேறு நாள் போங்கள். நோயாளியின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் நிலையில் போடுவது பெரிய பிழை. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்துக்கும் எதிரானது.

பட்டத்துக்குப் பின் நேரடிப் படிப்பு, சுகாதார மேம்பாட்டுக் கல்வியில் ஓராண்டு முதுநிலைப் பட்டயம். திண்டுக்கல் அருகே அம்பாத்துறையில், டாக்டர் சௌந்தரம் 1964இல் தொடங்கிய காந்திகிராம ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனம் இதில் பெயர் பெற்றது. கொல்கத்தாவில் 1932 முதல் இயங்கும் அகில இந்திய பொதுச் சுகாதார நிறுவனத்திலும் இருக்கிறது. முன்அனுபவ நிபந்தனை மையத்துக்கு மையம் மாறும். அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்தே விண்ணப்பியுங்கள். பொதுச் சுகாதாரத்தில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டமான எம்.பி.எச். இன்னொரு வழி. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எந்தப் பட்டதாரியையும் சேர்க்கிறது. மருத்துவப் பட்டதாரிகளையே முக்கியமாக எடுக்கும் இடங்களும் உண்டு. கட்டணம் கட்டுமுன் தகுதிப் பத்தியை வரிக்கு வரி படியுங்கள்.

எபி இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கணக்கெடுப்பை உள்ளிட்டு அட்டவணை எடுக்கவும், தமிழ் 99 விசைப்பலகையில் பிழையின்றித் தட்டச்சு செய்யவும் படிக்கும்போதே பழகுங்கள். நேர்காணலில் இவ்விரண்டும் தெரிந்தவர் தனித்துத் தெரிவார்.

வேலைகள் எங்கே? அரசு நிரந்தரப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், டி.என்.பி.எஸ்.சி. இரண்டின் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காட்டு முன்னுரிமை உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப் பணிகள் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக வருகின்றன: ஆலோசகர், காசநோய்த் திட்டப் பணியாளர், புகையிலைக் கட்டுப்பாட்டுப் பணி. விளம்பரம் மாவட்ட இணையதளத்தில்தான் வரும், அவகாசமும் குறைவு. மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர், நீரிழிவுக் கல்வியாளர், கண் முகாம் ஒருங்கிணைப்பாளர் இடங்கள் உண்டு. தொண்டு நிறுவனங்கள் ‘சமூக நடத்தை மாற்றத் தொடர்பியல்’ என்ற பெயரில் ஆள் தேடும். 2021ஆம் ஆண்டின் துணைநிலை சுகாதாரத் தொழில்கள் சட்டம் சுகாதாரக் கல்வியாளர்களையும் தன் அட்டவணையில் சேர்த்திருப்பதால் பதிவு விதிகளைக் கவனித்து வாருங்கள்.

இலங்கை மாணவர்களுக்கு ரஜரட்ட பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டுக்கென்றே பி.எஸ்சி. பட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறுபவர்கள் சுகாதாரக் கல்வியாளர்களுக்கான ‘செஸ்’ (CHES) சான்றிதழைப் பெற முயலலாம்: பட்டத்தில் சுகாதாரக் கல்வி சார்ந்த 25 செமஸ்டர் கிரெடிட், மூன்று மணி நேரத்தில் 165 கேள்விகள், பிறகு ஐந்தாண்டுக்கு 75 மணி நேரத் தொடர்கல்வி. நம் மதிப்பெண் பட்டியலில் பாடப்பெயர்கள் பொதுவாக இருந்தால் 25 கிரெடிட் நிரம்பாது. எனவே பாடத்திட்ட நகலைக் கல்லூரி முத்திரையோடு இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

ஒப்பந்தப் பணிகள் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான். ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர் மூன்றும் உள்ள அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். அதிகாரி மாற்றலாகிப் போன பின் கேட்டு அலைந்தால் அந்த 11 மாதமும் கணக்கில் ஏறாமலே போகும்.